கேட்டால் சொல்கிறேன்: தேரும் தொட்டியும் நியூட்ரினோவும்

இந்த மாதப் பக்கங்களை இயற்பியல் விதிகளைப் பற்றிய ஒரே கடிதம் எடுத்துக்கொண்டுவிட்டது. எழுதிய பிள்ளை உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறது. ரஃப் நோட்டிலிருந்து கிழித்த தாள்களில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, ஸ்டேப்ளர் பின்னுக்குப் பதிலாகத் தையல் நூலால் கட்டி அனுப்பியிருக்கிறது. பெயர் போட வேண்டாமாம், அண்ணன் கிண்டல் பண்ணுவானாம். கிரகணத்தன்று சாப்பிடலாமா, இன்வெர்ட்டருக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டிருக்கும் பெரியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சார், நியூட்டன் விதிகளை எங்கள் டீச்சர் நிரூபிக்காமலே நடத்திவிட்டார். கேட்டால், "விதிக்கு நிரூபணம் கிடையாது, எழுதிக்கொள்" என்கிறார். நிரூபிக்காத ஒன்றை எப்படி நம்புவது?

பதில்: டீச்சர் சொன்னது சரிதான் பாப்பா. "எழுதிக்கொள்" என்பதோடு நிறுத்தியதில்தான் எனக்கு வருத்தம். பிதாகரஸ் தேற்றத்தைக் கரும்பலகையிலேயே நிரூபித்து முடித்துவிடலாம், அது கணக்கு. இயற்பியலின் அடிப்படை விதியை அப்படி வேறொன்றிலிருந்து வரவழைக்க முடியாது. அதை வைத்து, இதுவரை யாரும் பார்க்காத ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு போய்ப் பார்க்க வேண்டும். அங்கே இருந்தால் விதிக்கு ஒரு மதிப்பெண். இல்லாவிட்டால் சிக்கல்.

இதற்கு லெவெரியே என்ற பிரெஞ்சுக்காரரின் கதையே போதும். யுரேனஸ் கோள் நியூட்டன் கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கொஞ்சம் விலகி ஓடிக்கொண்டிருந்தது. விதி தப்பு என்று அவர் முடிவு கட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது எங்கே இருக்கும் என்று தாளில் கணக்குப் போட்டு பெர்லின் வானியலாளர்களுக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு அவர்கள் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் கிடைத்தது.

அடுத்து அதே மனிதர் புதன் கோளிடம் போனார். அதன் பாதையிலும் ஒரு சின்னப் பிசகு. இன்றைய அளவில் நூறு ஆண்டுக்கு 43 வில்விநாடி. ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் வில்விநாடி. அந்தப் பிசகு மட்டும் சேர்ந்து ஒரு முழு வட்டம் ஆக வேண்டுமானால் சுமார் 30 லட்சம் ஆண்டு ஆகும். இதையும் லெவெரியே விடவில்லை. புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று 1859-ல் சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அப்படி ஒரு கோளே கிடையாது. 1915-ல் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கொள்கையில் கணக்குப் போட்டபோது, எந்தக் கோளையும் சேர்க்காமலே அந்த 43 வந்து விழுந்தது.

ஆள் ஒருவர், விதி ஒன்று, வழி ஒன்று. ஒரு தடவை கோள் கிடைத்தது, இன்னொரு தடவை விதியின் எல்லை கிடைத்தது. நியூட்டன் விதியைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா என்றால் இல்லை. ராக்கெட் விடுகிறவர்கள் இன்றைக்கும் பெரும்பாலும் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். எங்கே வரைக்கும் செல்லும் என்று தெரிந்துவிட்ட விதியை அதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகமாகவே நம்பலாம் என்பேன்.

கேள்வி: வெளியிலிருந்து விசை இல்லாவிட்டால் ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது முதல் விதி. சித்திரைத் திருவிழாவில் வடம் இழுப்பதை நிறுத்தினால் தேர் நின்றுவிடுகிறதே? அப்புறம், தேர் ஒரே வேகத்தில் போகும்போதும் ஏன் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியை நான் வேலையில் இருந்த காலத்தில் எந்த மாணவனாவது கேட்க மாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன். ஏனென்றால் இது அரிஸ்டாட்டிலின் கேள்வி. தள்ளினால் நகரும், தள்ளாவிட்டால் நிற்கும் என்றுதான் அவரும் சொன்னார். கலிலியோ காலம் வரை கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம் உலகம் அதை நம்பியது. கண்ணால் பார்ப்பதும் அப்படித்தானே இருக்கிறது?

அடுத்த தடவை மதுரை மாசி வீதிக்கு வந்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு ஓடுகிற ஆட்களைப் பார். தேரை நிறுத்துவதும் அவர்கள்தான், திருப்புவதும் அவர்கள்தான். ஸ்டியரிங், பிரேக் எல்லாம் அந்தக் கட்டைதான். திருப்பத்தில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுப்பார்கள். அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் ஓடும், தேர் முகம் திரும்பும். வடத்தை எல்லோரும் விட்டுவிட்ட பிறகும் கட்டை கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதைக் கவனித்தாயா? இழுக்காவிட்டால் தானே நிற்கும் என்பது முழு உண்மையாக இருந்தால் முட்டுக்கட்டைக்கே வேலை இருக்காது. சக்கரம் ஏறி இறங்கியதும் கட்டை நசுங்கி நார் நாராகக் கிடக்கும். உடனே தொட்டால் சூடு தெரியும். தேரின் இயக்க ஆற்றலில் ஒரு பங்கு அங்கே சூடாக மாறிக் கிடக்கிறது.

ஆக, தேரை நிறுத்துவது விசை இல்லாமை அல்ல. அச்சில் ஒரு உராய்வு, தரையில் ஒரு உராய்வு, அது போதாதென்று முட்டுக்கட்டை. எல்லாம் பின்னோக்கி இழுக்கிற விசைகள். தேர் ஒரே வேகத்தில் போகும்போது வடத்தின் இழுப்பும் அந்தப் பின்னிழுப்பும் சரிக்குச் சரி. மொத்த விசை சுழியம், அதனால் வேகம் மாறவில்லை. முதல் விதி உன் கண்ணெதிரே நடக்கிறது, கூட்டத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். நிலையிலிருந்து கிளப்பும்போதுதான் கூடுதல் பாடு. ஓய்வில் இருக்கும் பொருளைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வு, ஓடும்போது இருப்பதைவிட அதிகம். வடம் இழுப்பவர்களைத் தவிர, பின் சக்கரத்துக்கு அடியில் நெம்புகட்டை போடவும் ஆள் தேவைப்படுவது அதனால்தான்.

உராய்வே இல்லாத தேர் வேண்டுமா? 1977-ல் அனுப்பிய வாயேஜர் 1 விண்கலம் இருக்கிறது. யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது.

கேள்வி: அண்ணன் யூடியூபில் ஃப்ரீ எனர்ஜி வீடியோ பார்த்துவிட்டு, மாடி டேங்க் தண்ணீரைக் குழாயில் இறக்கி டைனமோவைச் சுற்றி, அந்தக் கரண்டில் மோட்டாரை ஓட்டி, திரும்ப டேங்க்கை நிரப்பலாம் என்கிறான். ஆற்றல் மாறா விதிப்படி முடியாது என்றேன். "விதியை விடு, எங்கே நஷ்டம் என்று காட்டு" என்கிறான்.

பதில்: அண்ணன் கேட்டது நியாயம். கணக்கைக் காட்டிவிடுவோம்.

டேங்க் 1000 லிட்டர், அதாவது 1000 கிலோ. தரையிலிருந்து உயரம் 10 மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொள். நிறை பெருக்கல் பூமியின் இழுப்பு 9.8 பெருக்கல் உயரம், 98,000 ஜூல். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? மின்சார வாரியத்தின் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஒரு டேங்க் தண்ணீர் முழுவதையும் ஒரு சொட்டு நஷ்டம் இல்லாமல் கரண்டாக மாற்றினாலும் கிடைப்பது ஒரு யூனிட்டில் 37-ல் ஒரு பங்கு. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று மூன்று மணி நேரம் எரியும். அவ்வளவுதான் உங்கள் மாடியில் இருக்கும் மின்நிலையம்.

இப்போது ஏற்றும் செலவு. அரை ஹெச்.பி. மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் கால் யூனிட் வரை இழுக்கும். மோட்டார் சுருளில் சூடு, பேரிங்கில் சூடு, குழாய் வளைவுகளில் உராய்வு, எல்லாம் அதில் போகிறது. இறக்கும்போது டைனமோவில் இன்னொரு பங்கு போகும். கால் யூனிட் கொடுத்து ஒரு யூனிட்டில் 37-ல் ஒரு பங்குகூட முழுசாகத் திரும்பி வராத வியாபாரம். மோட்டாரை இன்னும் நல்லதாக வாங்கினால் நஷ்டம் குறையும், லாபமாக மாறவே மாறாது. பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே நிரந்தர இயக்க எந்திரம் என்று யார் வந்தாலும் இனிமேல் பரிசீலிப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. அண்ணன் கொஞ்சம் தாமதம்.

"அப்படியானால் லோயர் கேம்ப்பில் எப்படிக் கரண்ட் எடுக்கிறார்கள்?" என்று மடக்குவான். அங்கேயும் விழும் தண்ணீர்தான். முல்லைப் பெரியாறு தண்ணீர் மலையிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்குகிறது. வித்தியாசம் ஒன்றே: அதை மேலே ஏற்றியது சூரியன். கடல் நீரை ஆவியாக்கி மேற்குத் தொடர்ச்சி மலை மேல் மழையாகக் கொட்டவைத்ததற்கு நம்மிடம் பில் வரவில்லை. அப்படியும் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் ஒரு யூனிட் எடுக்க 3,670 லிட்டருக்கு மேல் வேண்டும்.

கேள்வி: சரி சார், ஆற்றல் ஏன் மாறாமல் இருக்கிறது? அதற்கும் "விதிக்குக் காரணம் கிடையாது" என்றுதான் சொல்வீர்களா?

பதில்: மாட்டேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. கண்டுபிடித்தவர் எம்மி நோத்தர் என்ற ஜெர்மன் பெண்.

மறுபடி உன் அண்ணனின் டேங்க்குக்கே வா. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பூமியின் இழுப்பு கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 9.8-க்குப் பதில் 9.0. செவ்வாய்க்கிழமை 1000 லிட்டரை ஏற்ற 90,000 ஜூல் போதும். புதன்கிழமை இறக்கினால் 98,000 கிடைக்கும். வாரத்துக்கு 8,000 ஜூல் சும்மா. நல்ல எந்திரமாக இருந்தால் அண்ணன் ஜெயித்துவிடுவான். அவன் ஜெயிக்காததற்குக் காரணம் செவ்வாயும் புதனும் ஒன்றாக இருப்பது. இயற்கையின் விதிகள் நேற்று, இன்று, நாளை என்று கிழமை பார்ப்பதில்லை. அதனால்தான் ஆற்றல் மாறுவதில்லை.

நான் சொன்னது ஒரு சின்ன உதாரணம். நோத்தர் அதைப் பொதுவான தேற்றமாக நிரூபித்து 1918-ல் வெளியிட்டார். ஆமாம், இதற்கு நிரூபணம் உண்டு, ஏனென்றால் இது கணிதத் தேற்றம். விதிகள் காலத்தைப் பொறுத்து மாறாவிட்டால் ஆற்றல் மாறாது. இடத்தைப் பொறுத்து மாறாவிட்டால் உந்தம் (நிறை பெருக்கல் திசைவேகம்) மாறாது. திசையைப் பொறுத்து மாறாவிட்டால் கோண உந்தம், அதாவது சுழற்சிக்கான உந்தம், மாறாது. உன் புத்தகத்தில் தனித்தனிப் பாடங்களில் கிடக்கும் மூன்று விதிகளுக்கும் ஒரே வேர். பிளஸ் ஒன்னிலேயே இதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம் என்பது என் நெடுநாள் புகார். இதில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சத்தை முழுசாக எடுத்துக்கொண்டால் அது காலத்தோடு மாறுகிறது. அந்த அளவில் ஆற்றல் மாறா விதியை இவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. மாடி டேங்க்குக்கு அந்தக் கவலை இல்லை.

நோத்தரைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1915-ல் கணித மேதைகளான ஹில்பர்ட்டும் கிளைனும் அவரை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். பெண்ணுக்குப் பாடம் நடத்தும் உரிமை கொடுக்கக் கூடாது என்று அங்கே எதிர்ப்பு. அதனால் ஹில்பர்ட் பெயரில் வகுப்பு அறிவிப்பார்கள், உள்ளே போனால் நடத்துவது நோத்தர். சம்பளமும் கிடையாது. 1919-ல்தான் சொந்தப் பெயரில் நடத்த முடிந்தது. யூதர் என்பதால் 1933-ல் நாஜிகள் வேலையை விட்டு நீக்கினார்கள். அமெரிக்கா போய் இரண்டே வருஷத்தில் காலமானார். உன் பெயரைப் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாயே தாயி, அடுத்த கடிதத்தில் அதைக் கொஞ்சம் யோசி.

கேள்வி: ஆற்றல் மாறா விதி எப்போதாவது பொய்த்தது உண்டா? அப்புறம், போடிப் பக்கம் நியூட்ரினோ ஆய்வகம் வரக் கூடாது என்கிறார்கள். நியூட்ரினோ உடம்புக்குக் கெடுதலா?

பதில்: நீ இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறாய். இரண்டும் ஒரே கதை, அது உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பொய்த்துவிட்டது என்றே ஒரு காலத்தில் பயந்தார்கள். கதிரியக்கத்தில் பீட்டா சிதைவு என்று ஒன்று படிப்பாய். அணுக்கரு ஒரு எலக்ட்ரானை வெளியே தள்ளும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு ஆற்றலோடு அது வர வேண்டும். ஆனால் ஒரு தடவை அதிகம், ஒரு தடவை குறைவு என்று வந்தது. 1914-ல் சாட்விக் என்ற இயற்பியலாளர் அளந்து காட்டினார். மிச்ச ஆற்றல் எங்கே? அணுக்குள் இந்த விதி சராசரியாகத்தான் பொருந்தும் போலிருக்கிறது என்று நீல்ஸ் போர் அளவுக்குப் பெரிய ஆளே விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டார்.

பவுலி என்ற இயற்பியலாளர் விடவில்லை. 1930 டிசம்பரில் ஒரு கூட்டத்துக்குக் கடிதம் அனுப்பினார். கதிரியக்கச் சீமாட்டிகளே, சீமான்களே என்று தொடங்கும் வேடிக்கையான கடிதம். மின்னூட்டம் இல்லாத, எந்தக் கருவியிலும் சிக்காத ஒரு துகள் அந்த மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று அதில் எழுதினார். நேரில் வர முடியாததற்குக் காரணம் ஜூரிச்சில் ஒரு நடன விருந்து. அந்தத் துகள்தான் நியூட்ரினோ. லெவெரியே வல்கனுக்குச் செய்ததைத்தானே இவரும் செய்கிறார் என்று உனக்குத் தோன்றினால் சபாஷ். வித்தியாசம், இது கிடைத்தது. 26 வருஷம் கழித்து, 1956-ல், ரெய்ன்ஸும் கோவனும் அணு உலைக்குப் பக்கத்தில் கருவி வைத்துப் பிடித்தார்கள்.

உடம்புக்குக் கெடுதலா என்றால், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உன் கட்டைவிரல் நகத்தின் வழியாக வினாடிக்கு 6,500 கோடி போய்க்கொண்டிருக்கின்றன. ராத்திரியிலும்தான், பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வரும். எதோடும் மோதாமல் போவதுதான் அதன் குணம், அதைப் பிடிக்க அவ்வளவு பாடுபடுவதும் அதனால்தான். நீ கேட்ட ஆய்வகத்துக்காகப் பொட்டிப்புரத்தில் மலைக்கு அடியில் 50,000 டன் காந்த இரும்பு வைக்கத் திட்டம் போட்டது, இயற்கையாக வரும் நியூட்ரினோவைக் கவனிக்க. உண்டாக்க அல்ல. மேலே ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும் என்றது மற்ற துகள்களை வடிகட்ட. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-லேயே நம் நாட்டில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்திருக்கிறார்கள். பொட்டிப்புரம் திட்டத்துக்கு முன்னோட்டமாக 85 டன்னில் ஒரு சின்னக் கருவி மதுரையிலேயே இருக்கிறது.

அதற்காக எதிர்ப்பவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மலையைக் குடைய வெடி வைப்பது, காடு, ஊற்று, அடிவாரத்து விவசாயம், ஊர்க்காரர்களிடம் முறையாகக் கேட்டார்களா என்பது, இவையெல்லாம் சரியான கேள்விகள். திட்டம் எதிர்ப்பிலும் வழக்கிலும் நின்றுபோயிருக்கிறது. மலையைப் பற்றிக் கவலைப்படு, நியாயம். நியூட்ரினோவைப் பற்றிக் கவலைப்படாதே.

கேள்வி: இங்கே இருக்கிற விதிகள்தான் சூரியனிலும் இருக்கும் என்று போய்ப் பார்த்தார்களா?

பதில்: போக வேண்டியதில்லை, ஒளி வருகிறது. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர் நிறமாலை பிரித்துப் பார்த்தார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் பட்டைதான் நிறமாலை. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதில் தனிக் கோடுகள் உண்டு. அந்த ஆண்டு சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. ஹீலியம் என்று பெயர் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 1895-ல் ராம்சே என்ற வேதியியலாளர் பூமியிலேயே ஒரு தாதுவில் அதைப் பிடித்தார், கோடு அதே இடத்தில். உனக்குப் பக்கத்துக் கதை வேண்டுமானால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். எவர்ஷெட் 1909-ல் அங்கே சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் லேசாக நகர்ந்திருப்பதைப் பார்த்து, புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். பஸ் ஹாரன் சத்தம் நம்மைக் கடந்ததும் மாறுகிறதே, அந்த டாப்ளர் விளைவேதான்.

கேள்வி: அம்மா வீட்டில் பூக்கட்டுகிறார். மல்லிகைக் கூடையைத் திறந்தால் வாசம் அறை முழுக்கப் பரவுகிறது. அது திரும்பக் கூடைக்குள் போகாமல் எந்த விதி தடுக்கிறது?

பதில்: இயக்க விதி எதுவும் தடுக்கவில்லை! ஒவ்வொரு மூலக்கூறும் வந்த வழியே திரும்பிப் போனாலும் நியூட்டனுக்குச் சம்மதம்தான். வாசம் பரவுவது போன்றவற்றை மூலக்கூறுகளின் இயக்கத்தை வைத்தே விளக்கப் பார்த்தவர் போல்ட்ஸ்மான் என்ற இயற்பியலாளர். லோஷ்மிட் என்ற இன்னொரு விஞ்ஞானி இதையே கேட்டு 1876-ல் அவரை மடக்கினார். தடுப்பது எண்ணிக்கை. அறையை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரி. நூறே நூறு வாச மூலக்கூறுகள் என்று வைத்துக்கொள். எல்லாமே இடது பாதியில் இருக்க வாய்ப்பு என்ன? இரண்டை நூறு தடவை பெருக்கு, 1-க்குப் பின் 30 சுழியம் போடும் அளவுக்கு வரும். அதில் ஒரு பங்கு. வினாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும், பிரபஞ்சம் பிறந்து இதுவரை ஆன வினாடிகள் 18 இலக்கம்தான். இது நூறுக்கு. ஒரு கன சென்டிமீட்டர் காற்றிலேயே 20 இலக்க எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கின்றன. முடியாது என்று சட்டம் இல்லை, நடக்காது என்று நம்பி அம்மா கூடையை மூடி வைக்கலாம்.

கேள்வி: பூமியின் இழுப்பைச் சொல்லும் g மதிப்பு 9.8 என்று புத்தகம் சொல்கிறது. லேபில் ஸ்டாப் கிளாக் ரிப்பேர். நானே வீட்டில் அளக்க முடியுமா?

பதில்: முடியும். அம்மாவின் பூ நூல் வேண்டாம், ஈரத்தில் நீளும். தையல் நூல் எடு, கடிதத்தைக் கட்டினாயே அது. ஒரு முனையில் சின்னக் கனமான நட்டு. மேல்முனையை ஆடாத ஆணியில் கட்டு. ஆணியிலிருந்து நட்டின் நடு வரை சரியாக ஒரு மீட்டர். கொஞ்சமாக மட்டும் இழுத்து விடு, ஒரு சாண் கூட வேண்டாம். போனில் ஸ்டாப் வாட்ச் வைத்து, நடுவைக் கடக்கும்போது எண்ணத் தொடங்கு, இருபது முழு அலைவுக்கு நேரம் பார். 40 வினாடியை ஒட்டி வர வேண்டும். இருபதால் வகுத்தால் ஒரு அலைவு நேரம். நான்கு, பையின் (3.14) வர்க்கம், நீளம் இவற்றைப் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகு. நேரத்தில் நூற்றுக்கு ஒன்று பிசகினால் g-யில் நூற்றுக்கு இரண்டு பிசகும், அதனால் அவசரப்படாதே. நம் பக்கத்தில் உண்மையான மதிப்பு 9.78, துருவத்தில் 9.83. இரண்டு நாள் அளந்து, விடையை மட்டும் அல்லாமல் ஒவ்வொரு தடவையும் வந்த நேரத்தையும் அப்படியே எழுதி அனுப்பு. ஒரு நாளாவது செவ்வாய்க்கிழமையாக இருக்கட்டும், அண்ணனையும் கூட வைத்துக்கொள்.